சாம்பல் கலந்த வயல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகிலுள்ள அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக் கரை இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெருமழையில் உடைந்து, சாம்பல் கரைசல் என்னுடைய 2 ஏக்கர் நெல் வயலில் பாய்ந்துவிட்டது. ஒரு மூலையில் நான்கு விரல் கனத்துக்கு அது இன்னும் படிந்து கிடக்கிறது. மற்ற இடங்களில் உழவில் கலந்துவிட்டது. சுண்ணாம்பு போடு என்கிறார் ஒருவர். தொழுவுரம் கொட்டினால் சரியாகிவிடும் என்கிறார் இன்னொருவர். சூரியகாந்தி விதைத்தால் அது விஷத்தை உறிஞ்சிவிடும் என்று காணொளி ஒன்றில் பார்த்ததாக என் மகன் சொல்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட விவசாயி

பதில்: மூவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை உண்டு. எந்த உலோகத்துக்கு எது என்பதை மட்டும் மூவருமே சொல்லவில்லை. பூச்சிமருந்தைப் போல ஈயமும் காட்மியமும் ஆர்செனிக்கும் நாளடைவில் சிதைந்து மறைவதில்லை. அவற்றை மண்ணோடு சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும், அல்லது பயிரின் வேருக்கு எட்டாதபடி மண்ணுக்குள்ளேயே கட்டிப்போட வேண்டும். வேறு வழி கிடையாது.

முதலில் அந்த மூலையைக் கவனியுங்கள். அங்கே தயவுசெய்து ஏர் பூட்டாதீர்கள். சாம்பல் தனி அடுக்காக இருக்கும்வரை அதை வழித்தெடுக்க முடியும். ஒருமுறை உழுதுவிட்டால் நான்கு விரல் சாம்பல் ஒரு சாண் மண்ணாகப் பெருகிவிடும், பிறகு அத்தனை மண்ணையும் அள்ள வேண்டியிருக்கும். மண்வெட்டியால் செங்குத்தாக ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தால் சாம்பல் எங்கே முடிந்து பழைய மண் எங்கே தொடங்குகிறது என்பது தெரியும். விரலிடையில் தேய்த்தால் முகப்பவுடர்போல வழவழப்பாக இருப்பது சாம்பல். கலந்துவிட்ட பகுதியில் சந்தேகம் வந்தால், ஒரு கைப்பிடி மண்ணைக் கண்ணாடித் தம்ளர் நீரில் கலக்கித் தெளியவிடுங்கள். நிலக்கரிச் சாம்பலில் உள்ளீடற்ற நுண்ணிய கண்ணாடி மணிகள் உண்டு. அவை வெளிர்சாம்பல் ஆடையாக நீரின்மேல் மிதக்கும். இது சாம்பல் இருக்கிறதா என்று மட்டுமே காட்டும், உலோகத்தின் அளவைச் சொல்லாது. மணிகள் மிதக்கவில்லை என்பதற்காகச் சாம்பலே இல்லை என்றும் முடிவுகட்ட முடியாது.

வழிப்பதற்கு முன் நீர் தெளித்து ஈரமாக்குங்கள்; காய்ந்த சாம்பல் காற்றில் எழுந்து நுரையீரலுக்குள் போகும். அள்ளியதை வரப்பிலோ ஏரிக்கரையிலோ கொட்டக் கூடாது. குட்டை யாருடையதோ அவரே திரும்ப எடுத்துக்கொள்ளும்படி மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பரிசோதனை. உள்ளூர் மண் பரிசோதனை நிலையத்தின் வழக்கமான அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளும் இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்ணூட்டங்களும், பி.எச். (மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண்), உப்பு ஆகியவற்றின் அளவுகளும்தான் இருக்கும். அதில் வரும் ‘சாம்பல் சத்து’ பொட்டாஷைக் குறிப்பது, உங்கள் வயலில் விழுந்த சாம்பலை அல்ல. அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் ஆர்செனிக், ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், பாதரசம், போரான் ஆகியவற்றைத் தனியே கேட்க வேண்டும்; பி.எச். அளவும் உப்பின் அளவும் அதோடு சேரட்டும். மொத்த அளவு போதாது, பயிருக்குக் கிடைக்கும் அளவும் வேண்டும் என்று சொல்லுங்கள். சாம்பலின் கண்ணாடி மணிக்குள் அடைபட்டிருக்கும் ஈயமும் வேரருகே மண்நீரில் கரைந்து நிற்கும் ஈயமும் ஒன்றல்ல. மூலையிலிருந்து ஒன்று, கலந்த பகுதியிலிருந்து ஒன்று, சாம்பல் படாத பக்கத்து வயலிலிருந்து ஒன்று என, ஒவ்வொன்றிலும் 0–15, 15–30 சென்டிமீட்டர் ஆழங்களில் மாதிரி எடுங்கள். துத்தநாகம் பூசிய வாளியைத் தவிர்த்துப் பிளாஸ்டிக் வாளியைப் பயன்படுத்துங்கள். கிணற்று நீரையும் சேர்த்தே அனுப்புங்கள்.

சுண்ணாம்பு விஷயத்துக்கு இந்த முடிவுகள் வந்த பிறகுதான் வர முடியும். மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு நல்ல மருந்து: பி.எச். உயர உயர ஈயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம் ஆகியவை மண்ணில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். ஆனால் ஆர்செனிக், செலினியம், மாலிப்டினம், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) ஆகியவை நேர்மாறானவை. காரம் ஏறினால் அவை மண்ணை விட்டு நீரில் இறங்கும். நிலக்கரிச் சாம்பல் பெரும்பாலும் காரத்தன்மை உடையது, பழுப்பு நிலக்கரிச் சாம்பல் சுண்ணாம்புச் சத்து மிகுந்ததால் இன்னும் காரமாக இருக்கும். உங்கள் மண்ணின் பி.எச். ஏற்கெனவே 8-ஐத் தொட்டிருந்தால் அதன்மேல் சுண்ணாம்பு போடுவது காசைக் கரைப்பதோடு நிற்காது, கிணற்றுக்கும் கேடாக முடியலாம்.

ஆர்செனிக்கைக் கட்டுவது இரும்பு. கடையில் அன்னபேதி என்று கேட்டு வாங்கும் இரும்பு சல்பேட் மண்ணில் துருவாக மாறும்போது அந்தத் துருவின்மேல் ஆர்செனிக் ஒட்டிக்கொள்கிறது. அன்னபேதி மண்ணைப் புளிக்கவும் வைப்பதால் அளவை ஆய்வு முடிவைப் பார்த்து வேளாண்மை அறிவியல் நிலையத்தார் குறிக்கட்டும். ஈயத்துக்குப் பாறை பாஸ்பேட் உதவும். ஈயமும் பாஸ்பேட்டும் சேர்ந்து எளிதில் கரையாத கனிமமாகிவிடும். ஆனால் மண்ணில் ஆர்செனிக் ஒட்டியிருக்கும் இடத்துக்கே பாஸ்பேட்டும் போட்டியிட்டு அதைப் பெயர்த்துவிடும் என்பதால், இரண்டும் உள்ள வயலில் கண்ணை மூடிக்கொண்டு பாஸ்பேட் இறைக்கக் கூடாது. நன்கு மக்கிய தொழுவுரம் காட்மியத்தையும் ஈயத்தையும் பிடித்துக்கொள்ளும், நச்சு மிகுந்த குரோமியத்தைத் தீங்கு குறைந்த வடிவத்துக்கு மாற்றவும் செய்யும். தொழுவுரம் மக்கித் தீரத் தீரப் பிடித்தது விடுபடும். ஆகவே அதை ஆண்டுதோறும் போட வேண்டும்.

இனி உங்கள் மகனின் சூரியகாந்தி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழ மண் ஏறக்குறைய 900 டன் எடை. அதில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் கூடுதலாக இருந்தால், மொத்தம் 900 கிராம். ஏக்கருக்கு 2 டன் உலர் தட்டையை அறுத்து, அதில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் காட்மியம் ஏறியிருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஒரு போகத்தில் வெளியேறுவது 20 கிராம்தான். 45 போகம் ஆகும்! அந்தத் தட்டையை மாட்டுக்குப் போட முடியாது, எரிக்க முடியாது, உரக்குழியிலும் போட முடியாது. விதையையும் உண்ணக் கூடாது. ஆர்செனிக்கை மட்டும் மிக அதிகமாக உறிஞ்சும் பெரணி ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டறியப்பட்டு 2001-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தது உண்மை. அது காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் தீர்வாகாது.

ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன வயல்களில் சுரங்கக் கழிவின் காட்மியம் படிந்து, எலும்பை நொறுக்கும் இத்தாய்-இத்தாய் நோய் வந்தது. சாம்பல் அல்ல, சுரங்கம் என்றாலும் நோய் வந்தது பெரும்பாலும் நெல் வழியாகவே. அங்கே செடி வளர்த்துக் காத்திருக்கவில்லை. கெட்ட மேல்மண்ணைப் புதைத்து, மேலே நல்ல மண்ணைப் பரப்பினார்கள். சுமார் 860 ஹெக்டேரை அப்படி மீட்கும் பணி 30 ஆண்டுகளுக்கு மேல் நடந்து 2012-இல்தான் முடிந்தது. உங்கள் வயலில் முழு மண்ணையும் மாற்றுவது கட்டுப்படியாகாது. அதனால்தான் அந்த ஒரு மூலையை இப்போதே வழித்துவிடுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

நெல் பற்றியும் ஒரு வார்த்தை. வயலில் நீர் தேங்கி நின்றால் காற்று புகாமல் துரு கரைந்து ஆர்செனிக் விடுபடும், காட்மியம் அடங்கியிருக்கும். நீரை வடித்துக் காயவிட்டால் ஆர்செனிக் அடங்கும், காட்மியம் எழும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுவது தண்ணீர்ச் சிக்கனத்துக்கு நல்லதுதான், ஆனால் காட்மியம் மிகுந்த வயலில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காயவிடுவது அரிசியில் அதை ஏற்றும். ஆய்வு முடிவு வரும்வரை அந்த வயலில் கீரை, முள்ளங்கி, புகையிலை, நெல் எதுவும் வேண்டாம். பருத்தியோ பூச்செடியோ மரப்பயிரோ வைக்கலாம். முடிவு வந்த பின் நெல் வைப்பதானால் முதல் விளைச்சலின் அரிசியையும் சோதியுங்கள். பன்னாட்டு உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் தீட்டிய அரிசிக்கு வைத்துள்ள உச்சவரம்பு, கிலோவுக்குக் காட்மியம் 0.4 மில்லிகிராம், கனிம ஆர்செனிக் 0.2 மில்லிகிராம்.

கேள்வி: ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) மண்ணை இளக்கும் என்று சொல்லி லாரி லாரியாக இலவசமாகவே தருகிறார்கள். களிமண் நிலத்தில் போடலாமா?

பதில்: களிமண்ணை அது இளக்கும் என்பது பொய்யல்ல, சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் கொஞ்சம் போரானும் கிடைக்கும், தழைச்சத்து கிடையாது. போரானில் பயிருக்குப் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே இடைவெளி மிகச் சிறியது. கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஈயம் உள்ள சாம்பலை 10 டன் போட்டால் உங்கள் நிலத்தில் 500 கிராம் ஈயம் சேரும், அது திரும்பி வராது. குறிப்பிட்ட அந்தக் குட்டையின் சாம்பலுக்கான ஆய்வறிக்கையைக் கேளுங்கள். தர மறுத்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கேள்வி: சாம்பல் மேட்டில் மண் அரிப்பைத் தடுக்க வெட்டிவேர் நட்டிருக்கிறார்கள். அந்த வேரைப் பறித்துப் பானைத் தண்ணீரில் போடலாமா?

பதில்: கூடாது. வெட்டிவேரை அங்கே நடுவதற்கே காரணம், அது உலோகங்களைத் தாங்கிக்கொண்டு, பெரும்பகுதியை இலைக்கு ஏற்றாமல் வேரிலேயே நிறுத்திக்கொள்கிறது என்பதுதான். அந்த வேர் மேட்டிலேயே இருக்கட்டும். குடிநீருக்கும் குளியல் பொடிக்கும், எங்கே விளைந்தது என்று சொல்லக்கூடியவரிடம் வாங்குங்கள்.