புலம்பெயர்ந்த இடத்தில் தினசரி மாத்திரை: உசிலம்பட்டித் தங்கைக்கு ஒரு பதில்

அன்புத் தங்கைக்கு,

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றுக்குப் பராமரிப்பாளர் வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்றும், தைராய்டு குறைபாட்டுக்காக ஊரில் ஒரு நாளும் தவறாமல் எடுத்துவந்த மாத்திரை இங்கே வாரத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுப்போகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். விடியற்காலையில் மாமியார் தண்ணீர்ச் செம்போடு மாத்திரையையும் கையில் கொடுத்துவிடுவார் என்றும், இங்கே செல்பேசியில் அலாரம் வைத்தும் பயனில்லை என்றும், மருத்துவரிடம் சொன்னால் கடிந்துகொள்வாரோ என்று அச்சமாக இருக்கிறது என்றும் சொல்லியிருந்தீர்கள். மதுரையிலிருந்து ஆறு மாதத்துக்கான மாத்திரையை வரவழைத்துக்கொள்ளலாமா, கந்த சஷ்டி விரத நாள்களில் எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் மேலூர்க்காரி, இந்த நாட்டுக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது, ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் தினமும் மாத்திரை எடுப்பவள். மருத்துவம் படித்தவள் அல்ல என்பதால், மாத்திரையின் அளவு பற்றிய எதையும் உங்கள் மருத்துவரிடமோ மருந்துக்கடையில் இருக்கும் மருந்தாளுநரிடமோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தவறாமல் எடுப்பதற்கான வழி பற்றி மட்டும் எனக்குத் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

இதைப் பொறுப்பில்லாத்தனம் என்று எண்ணி நீங்கள் உங்களையே நொந்துகொள்வது உங்கள் எழுத்தில் தெரிகிறது. அப்படி நொந்துகொள்ள வேண்டியதில்லை. நாள்பட்ட நோய்க்கு மருந்து எடுப்பவர்களில் வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழ 50 விழுக்காட்டினர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதியிருக்கிறது. ஊரில் மாத்திரை நேரத்தை நீங்கள் தனியாக நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வாசல் தெளிக்கும் சத்தம், பால்காரர் வரும் நேரம், மாமியாரின் குரல் என்று வீடும் தெருவும் சேர்ந்து அதை நினைவில் வைத்திருந்தன. நம் கிராமங்களில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இங்கே அப்படி வாசலில் வந்து விசாரிக்க ஆள் கிடையாது. பொழுதுகூட உதவிக்கு வராது. மதுரையில் ஆண்டு முழுவதும் ஆறிலிருந்து ஆறே முக்காலுக்குள் விடிந்துவிடும். லீட்ஸில் டிசம்பரில் காலை எட்டு மணிக்கும் இருட்டாக இருக்கும், மாலை நான்கு மணிக்கு முன்பே விளக்குப் போட வேண்டியிருக்கும். ஜூனிலோ இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். இதற்கு மேல் உங்கள் ரோட்டா என்ற வேலை நேரப் பட்டியலில் ஒரு வாரம் பகல் வேலை, மறு வாரம் இரவு வேலை. இப்படிப்பட்ட வாழ்க்கையில் கடிகார நேரத்தை நம்பி மாத்திரை எடுக்க முயன்றால் யாருக்கும் தவறத்தான் செய்யும்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது என்பது என் எண்ணம். இல்லத்தில் முதியவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது என்றும், அதில் ஒரு நாளும் பிசகியதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அங்கே எப்படிப் பிசகாமல் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஞாபக சக்தியை நம்பி அங்கே யாரும் வேலையை ஒப்படைக்கவில்லை. மார் சார்ட் என்று ஒரு தாள் இருக்கிறது. ஒருவர் மாத்திரையை விழுங்கியதைக் கண்ணால் பார்த்த அந்த நிமிடமே அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரின் முதலெழுத்துகளைப் போடுகிறீர்கள். கொடுப்பதற்கு முன்பே போடுவதில்லை, பிறகு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று விடுவதும் இல்லை. அடுத்த முறை வேலைக்கு வருபவர் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் கொடுத்தாயிற்றா இல்லையா என்று முடிவு செய்கிறார். முன்பின் தெரியாத பெரியவர்களுக்காக இத்தனை ஒழுங்காகச் செய்யும் காரியத்தை உங்களுக்காகவும் செய்துகொள்ளுங்கள். நான் சொல்ல வருவதன் சாரம் இவ்வளவுதான்.

நான் கவனித்தவரை, மாத்திரை விஷயத்தில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. எடுக்க மறந்துபோவது ஒன்று. எடுத்தோமா இல்லையா என்று தெரியாமல் நிற்பது மற்றொன்று. அலாரம் முதலாவதற்குத்தான் ஓரளவு உதவும். இரண்டாவதுதான் அதிகத் தொல்லை தரக்கூடியது, ஏனென்றால் நேற்று எடுத்த நினைவும் இன்று எடுத்த நினைவும் ஒன்றுபோலவே இருக்கும். சந்தேகத்தில் இன்னொன்றைப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு, எதற்கு வம்பு என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இதற்கு அடையாளம் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஊரில் உங்கள் மாத்திரை புட்டியில் வந்திருக்கும். புட்டியைப் பார்த்து இன்றைக்கு எடுத்தாயிற்றா என்று சொல்ல முடியாது. இங்கே பெரும்பாலும் அட்டையில், 28 நாளுக்கென்று தருவார்கள். சில அட்டைகளில் ஒவ்வொரு மாத்திரைக்கும் மேலே கிழமை அச்சாகியிருக்கும். இல்லாவிட்டால் புதிய பெட்டியைத் திறக்கும் அன்றே, அழியாத மை பேனாவால் ஒவ்வொரு குமிழின் பின்பக்கத் தகட்டிலும் தேதியை எழுதிவிடுங்கள். மாத்திரை இருந்தால் எடுக்கவில்லை, குமிழ் காலியாக இருந்தால் எடுத்தாயிற்று. யோசிக்க வேண்டிய அவசியமே வராது.

ஏழு அறைப் பெட்டியில் வாரத்துக்கு நிரப்பி வைத்துக்கொள்வதும் நல்ல வழிதான், குறிப்பாக என்னைப்போல் மூன்று நான்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு. ஆனால் எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்து வைக்கக் கூடாது; தைராய்டு மாத்திரைக்கு ஈரமும் வெளிச்சமும் ஆகாது என்பதால் உங்களுக்கு அட்டையே மேல்.

அடுத்தது, எதனோடு சேர்த்து எடுப்பது என்பது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் எடுத்து, காப்பிக்கும் காலை உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். ஊரில் விடியற்காலை மாத்திரைக்கும் காப்பித்தண்ணிக்கும் நடுவில் வாசலும் அடுப்படியும் தானாகவே ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டன. இங்கே எழுந்தவுடன் கெட்டிலைப் போட்டு, நின்றபடியே காப்பியைக் குடித்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிறோம். மாத்திரையை எடுத்தும் அது உடம்பில் சரியாகச் சேராமல் போவது இப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரையோ கால்சியம் மாத்திரையோ எடுப்பதாக இருந்தால் அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். நம் பெண்களில் பலர் மூன்றையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே காலை ஆறு மணி என்று வைத்துக்கொள்ளாமல், தூங்கி எழுந்ததும் கால் தரையில் படுவதற்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைக்குப் பக்கத்தில் மூடிபோட்ட தண்ணீர்க் குவளையும் தேதி எழுதிய அட்டையும் இருக்கட்டும். பகல் வேலை வாரத்தில் அது காலை ஐந்தரையாக இருக்கும். இரவு வேலை வாரத்தில் மாலை நான்காக இருக்கும். தைராய்டு மாத்திரையின் செயல் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால் இந்தச் சில மணி நேர மாற்றத்தை அது தாங்கும். பகலிலிருந்து இரவு வேலைக்கு மாறும் நாளில்தான் கவனம் வேண்டும்: காலையில் எழுந்து ஒன்றை எடுத்திருப்பீர்கள், மதியம் கொஞ்சம் தூங்கி எழுந்ததும் பழக்கத்தில் கை மறுபடியும் அட்டைக்குப் போகும். அன்றைக்குத் தேதி எழுதிய குமிழ்தான் உங்களைக் காப்பாற்றும். இந்த மாற்றமே ஒத்துவரவில்லை என்றால், கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கைக்குப் போகும்போது எடுப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அப்படி மாற்றலாம். ஆனால் இந்த நெகிழ்வு எல்லா மருந்துக்கும் பொருந்தாது. இன்சுலின், வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து, கருத்தடை மாத்திரை ஆகியவற்றுக்கு நேரம் மிக முக்கியம். இதைப் படிக்கும் வேறு யாரும் என் சொல்லைக் கேட்டு அவற்றின் நேரத்தை மாற்றிவிட வேண்டாம்.

அலாரம் ஏன் பயன்படவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அது அடிக்கும்போது நீங்கள் பேருந்தில் இருக்கிறீர்கள், மாத்திரை வீட்டில் இருக்கிறது. அல்லது வேலையிடத்து லாக்கருக்குள் செல்பேசி தனியாக அடித்து ஓய்கிறது. மாத்திரை கைக்கெட்டும் இடத்தில் இல்லாத நேரத்தில் அடிக்கும் அலாரம், அதை அணைக்கும் பழக்கத்தைத்தான் வளர்க்கும். ஊரிலிருந்து அம்மா அழைத்து ஞாபகப்படுத்துவதும் இப்படித்தான். அங்கே காலை பதினொன்றரைக்கு அழைத்தால் இங்கே குளிர்காலத்தில் காலை ஆறு மணி. மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை மாற்றியபின் அதே அழைப்பு ஏழு மணிக்கு வரும், நீங்கள் கிளம்பிப் போயிருப்பீர்கள். அம்மாவிடம் பேசுங்கள், அது மனத்துக்கு வேண்டும். மாத்திரையை மட்டும் அந்த அழைப்போடு கட்டிப்போடாதீர்கள். நீங்கள் அழைப்பை எடுக்காத நாளில் அங்கே அவருக்குத் தூக்கம் வராது.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது. உடன் தங்கியிருக்கும் பெண்கள் என்ன நினைப்பார்களோ என்று மாத்திரையைப் பெட்டிக்கு அடியில், துணிகளுக்குள் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை வெளியே எடுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடென்றால் உயரத்தில் பூட்டி வைக்கத்தான் வேண்டும். உங்கள் அறையில் குழந்தைகள் இல்லை. தைராய்டு மாத்திரை எடுப்பதில் மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பெண்களில் ஒருத்தியிடமாவது சொல்லி வையுங்கள். உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால் மருத்துவரிடம் சொல்ல ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவரிடம் மறைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பாதி நாள் எடுக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போனால், தைராய்டு போதாதபோது கூடும் டி.எஸ்.எச். என்ற சுரப்பின் அளவு ஏறியிருக்கும். நீங்கள் ஒழுங்காக எடுக்கிறீர்கள் என்று நம்பும் மருத்துவர், இந்த அளவு போதவில்லை என்று கூட்டி எழுதுவார். பிறகு நீங்கள் திருந்தி, கூட்டிய அளவை நாள் தவறாமல் எடுக்கத் தொடங்கினால் அது அதிகமாகிப் படபடப்பும் கை நடுக்கமும் தூக்கமின்மையும் வரும். வாரத்தில் இத்தனை நாள் விட்டுப்போகிறது என்று இருப்பதை இருந்தபடி சொன்னால், இரண்டு மாதம் ஒழுங்காக எடுத்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்பார். மாத்திரையின் பலன் பரிசோதனையில் சரியாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்போது இந்த மாத்திரை விட்டுப்போகவே கூடாது. ஒரு நாள் மறந்தால், அன்றைக்கே நினைவு வரும்போது வயிறு காலியாக இருக்கும் நேரம் பார்த்து எடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய மாத்திரையை மட்டும் எடுங்கள். விட்டதை ஈடுகட்ட இரண்டாக எடுக்கக் கூடாது.

மதுரையிலிருந்து வரவழைப்பது பற்றி: வரும்போது மருத்துவர் சீட்டோடு இரண்டு மூன்று மாதத்துக்குக் கொண்டுவந்தது சரி. இனி வேண்டாம். இந்த மாத்திரையை 25 பாகை வெப்பத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கும்; சித்திரை வெயிலில் மதுரையில் கட்டும் பொட்டலம் என்ன பாடுபடும் என்று உங்களுக்கே தெரியும். பரிசோதனை இல்லாமல் பழைய அளவையே தொடர்வதும் நல்லதல்ல. தவிரவும் இங்கே உங்களுக்குச் செலவே இல்லை. இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கான கட்டணத்தை 2024 மே மாதத்தில் 9.90 பவுண்டாக உயர்த்தினார்கள்; ஆனால் தைராய்டு குறைபாட்டுக்குத் தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்களுக்குக் கட்டண விலக்குச் சான்றிதழ் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் அந்தச் சான்றிதழ், மருத்துவர் எழுதித் தரும் மற்ற மருந்துகளுக்கும் பொருந்தும். இது தெரியாமல் பணம் கட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் பலர். எஃப்.பி. 92 ஏ என்ற படிவத்தை உங்கள் ஜி.பி. (நீங்கள் பதிவு செய்திருக்கும் பொது மருத்துவர்) மருத்துவமனை வரவேற்பில் கேளுங்கள். ஊரில் 75 மைக்ரோகிராம் ஒரே மாத்திரையாக எடுத்ததாக எழுதியிருந்தீர்கள். இங்கே 50ஐயும் 25ஐயும் சேர்த்து இரண்டு அட்டையாகத் தரக்கூடும், இரண்டிலும் தேதி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே அடுத்த மாதத்துக்குக் கேட்டுவிட வேண்டும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் இன்னும் முன்னதாக. அப்படியும் தீர்ந்துவிட்டால் 111 என்ற மருத்துவ உதவி எண்ணில் அழைத்தால், அவசரத்துக்குச் சில நாள் மாத்திரை கிடைக்க மருந்துக்கடைக்கு வழிசெய்வார்கள்.

கந்த சஷ்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் ஆறு நாள் தங்கி விரதம் இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுப்பதுதான், ஆகையால் விரதத்துக்கு அது இடைஞ்சல் இல்லை. தண்ணீர்கூட அருந்தாத விரதமாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களின் நிலை வேறு. கிளிக்லசைடு, கிளிமிபிரைடு போன்றவற்றை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். நான் விரத நாளுக்கு முன்பே மருந்தாளுநரிடம் போய்க் கேட்டுக்கொண்ட பிறகுதான் விரதம் இருக்கிறேன்.

இந்த வாரமே ஜி.பி.யிடம் நேரம் வாங்கிவிடுங்கள். அட்டையைக் கையோடு எடுத்துப் போய், எந்தெந்தத் தேதிக் குமிழ்கள் திறக்கப்படாமல் இருக்கின்றன என்று அவரிடமே காட்டுங்கள். ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை.

அன்புடன்,
மேலூர் அக்கா