ஆச்சியக் கேளுங்க: அடைக்கலம் குடுத்தவன அடிக்கலாமா?

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): ஆச்சி, போன வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில எனக்கும் என் மச்சினனுக்கும் ஒரே சண்டை. 2001ல ஆப்கானிஸ்தான ஆண்ட தாலிபான் மேல அமெரிக்கா குண்டு போட்டது சரிதான்ங்கறான், தீவிரவாதிக்கு எடம் குடுக்கற அரசாங்கமும் தீவிரவாதிதானாம். ஒருத்தன் செஞ்சதுக்கு ஒரு நாட்டையே அடிக்கறது என்ன நியாயம்னு நான் கேட்டேன். யாரு சொல்றது சரி?

பதில்: ஆப்கானிஸ்தான் பேசிப் பேசி இலையில இருந்த கவுனி அரிசி ஆறிப்போயிருக்குமே தம்பி! மச்சினர் சொல்றதுல முக்கால்வாசி சரிதான். கடன் திருப்பித் தராதவன் மேல நம்மாளுங்க எடுத்த எடுப்புல பிராது குடுக்க மாட்டாங்க, ஆள் விட்டுக் கேப்பாங்க, நோட்டீஸ் விடுவாங்க, அப்புறந்தான் கோர்ட்டு. தாலிபானுக்கு அந்த நோட்டீஸ் ஒண்ணு ரெண்டு இல்ல. 1998 ஆகஸ்ட்ல நைரோபியிலயும் தாருஸ்ஸலாம்லயும் அமெரிக்க தூதரகத்துல பின்லேடனோட அல்-கொய்தா ஆளுங்க வச்ச குண்டு வெடிச்சு 224 பேர் செத்தாங்க, அதுல பெரும்பாலும் ஆப்பிரிக்க ஜனங்கதான், இத யாரும் ஞாபகம் வச்சுக்கறதில்ல. அதுக்கப்புறம் சவூதியிலேர்ந்து உளவுத்துறை தலைவரே காந்தகாருக்குப் போயி, தாலிபான்கிட்ட தங்கியிருந்த பின்லேடன குடுத்துடுங்கன்னு கேட்டாரு, தாலிபான் தலைவர் முல்லா உமர் முடியாதுன்னுட்டாரு. 1999 அக்டோபர்ல ஐநா பாதுகாப்பு சபை 1267ன்னு தீர்மானம் போட்டு ஆள ஒப்படைன்னுச்சு, 2000 டிசம்பர்ல மறுபடியும் ஒண்ணு. எல்லாத்துக்கும் ஒரே பதில்தான், அவரு எங்க விருந்தாளி. அப்புறம் 2001 செப்டம்பர் 11, அமெரிக்காவுல ப்ளேன மோதி கிட்டத்தட்ட 3,000 பேர கொன்னாங்க. மறுநாளே பாதுகாப்பு சபை தற்காப்பு உரிமை உண்டுன்னு தீர்மானம் போட்டுச்சு. அதனால திடீர்னு பாய்ஞ்சு அடிச்சாங்கன்னு சொல்ல முடியாது.

ஆனா மிச்ச கால்வாசி உங்க பக்கம் இருக்கு. அக்டோபர் 7 குண்டு போட ஆரம்பிச்சாங்க, ஒரு வாரம் கழிச்சு தாலிபான் ஆளு ஒருத்தர், குண்ட நிறுத்துங்க, ஆதாரத்த காட்டுங்க, மூணாவது நாட்டுக்கு அனுப்பறத பத்திப் பேசலாம்னாரு. அமெரிக்க ஜனாதிபதி புஷ் ஒரேயடியா மறுத்துட்டாரு. இழுத்தடிச்சவன் அடி விழுந்தப்புறம் பேச வந்தா யாரும் நம்ப மாட்டாங்கதான், இருந்தாலும் ஒரு வாரம் கேட்டுப் பாத்திருந்தா என்ன குடியா முழுகியிருக்கும்? அதுக்கு முன்னாடியே, செப்டம்பர் 14ந் தேதி, ராணுவத்த பயன்படுத்த அனுமதி குடுக்கற ஓட்டுல அவங்க பிரதிநிதிகள் சபையில 420 பேர் சரின்னப்ப ஒரே ஒரு பொம்பள, பார்பரா லீ, வேணாம்னு ஓட்டு போட்டாங்க. அந்தம்மாவுக்கு கொலை மிரட்டல்லாம் வந்துச்சு.

சரி, ஐந்தொகை போட்டுப் பாப்போம். ஆப்கன் மலைப்பக்கம் டோரா போராவுல பின்லேடன கோட்ட விட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு 2011 மே 2ந் தேதி அவன் செத்தது ஆப்கானிஸ்தான்லயே இல்ல, பாகிஸ்தான் அப்போட்டாபாத்துல, ராணுவ அகாடமிக்குப் பக்கத்துல ஒரு வீட்டுல. அதுக்கப்புறமும் பத்து வருஷம் ஆப்கானிஸ்தான்லயே உக்காந்திருந்தாங்க. 2,400க்கும் மேல அமெரிக்க சிப்பாய்ங்க, 40,000க்கும் மேல ஆப்கன் பொதுஜனங்க உசுரு செலவுல ஏறுச்சு, 2021 ஆகஸ்ட் 15ந் தேதி அதே தாலிபான் காபூல்ல வந்து உக்காந்துட்டான். அடிக்கப் போனதுல எனக்கு குத்தம் தெரியல, போன வேல என்னன்னு மறந்ததுதான் குத்தம். மச்சினர்கிட்ட இதயும் சேத்து சொல்லுங்க.

கேள்வி (சிறுவயல் வாசகர்): எங்க ஊர் மருது பாண்டியரும் ஊமைத்துரைக்கு அடைக்கலம் குடுத்துத்தான அழிஞ்சாங்க? அப்ப வெள்ளக்காரன் செஞ்சதும் சரின்னு ஆகிடாதா?

பதில்: இந்தக் கேள்விக்கு நான் ரெண்டு நாள் தூங்கல, நெசமாத்தான். நாப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல வரலாறு எடுத்தவ நான், ஒரு பிள்ளகூட இப்படி மடக்குனதில்ல.

ஒப்பிட்டுப் பாத்தா பயமாத்தான் இருக்கு. 1801 பிப்ரவரியில பாளையங்கோட்டை சிறையிலேர்ந்து தப்பிச்ச கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை, பாஞ்சாலங்குறிச்சி ரெண்டாந்தரம் விழுந்தப்புறம் சிவகங்கைச் சீமைக்கு வந்தாரு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் ஆளக் குடுன்னான், சின்ன மருது குடுக்கல, ஜூன்ல திருச்சி கோட்டை வாசல்லயே வெள்ளக்காரனுக்கு எதிரா அறிக்கை ஒட்டிட்டாரு. கர்னல் அக்னியூ படை ஜூலை கடைசியில உங்க சிறுவயலுக்கு வந்து சேந்தப்ப ஊரே எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, எதிரி கையில கெடைக்கக் கூடாதுன்னு நம்மாளுங்களே வச்ச தீ. அங்கேர்ந்து மருதுவோட கோட்டையான காளையார்கோயிலுக்கு ஒரு மாசம் காட்ட வெட்டிப் பாத்து முடியாம திரும்புனான். அப்புறம் செஞ்சதத்தான் பாக்கணும், சோழபுரத்துல வச்சு படமாத்தூர் கௌரி வல்லபத் தேவர சிவகங்கைக்கு உரிமைக்காரர்னு அறிவிச்சான், ஜனங்க ரெண்டா பிரிஞ்சாங்க. அக்டோபர் 1ந் தேதி காளையார்கோயில் விழுந்துச்சு, 24ந் தேதி திருப்பத்தூர்ல ரெண்டு மருதுவையும் தூக்குல போட்டான். மிச்சம் இருந்த 70க்கும் மேல பேர 1802ல கப்பல் ஏத்தி பினாங்கு தீவுக்கு நாடு கடத்துனான், சின்ன மருது மகன் துரைசாமி உள்பட. இப்ப 2001ஐ பாருங்க. டிசம்பர்ல ஜெர்மனி பான் நகரத்துல கூட்டம் போட்டு ஆப்கானிஸ்தானுக்கு கர்சாய் தலைமையில ஆட்சி வச்சாங்க, 2002 ஜனவரியில கைதிங்கள கியூபா தீவுல இருக்கற குவாண்டனாமோ அமெரிக்க சிறைக்கு கொண்டு போனாங்க. சரியா 200 வருஷம், வேற ஊரு, அதே வேல!

ஆனா ஒண்ணுதான்னு நான் சொல்ல மாட்டேன். ஊமைத்துரை யாரக் கொன்னாரு? அவரு நாட்ட புடுங்க வந்தவனோட படையோட சண்ட போட்டாரு. ஆபீசுக்கு வேலைக்குப் போன குமாஸ்தா மேலயும் ஓட்டல் பரிமாறுறவன் மேலயும் ப்ளேன கொண்டு மோதல. கேட்டவன் யாருன்னும் பாக்கணும், கப்பம் கட்டுன்னு துப்பாக்கிய நீட்டுன வியாபாரக் கம்பெனிக்கு ஆள ஒப்படைன்னு கேக்க என்ன ரைட்டு? அடைக்கலங்கற சொல்லு ஒண்ணுதான், உள்ள வந்தவன் கையில யாரு ரத்தம்ங்கறதுலதான் வித்தியாசம். தாலிபான்ல பெரும்பாலும் இருக்கற பட்டாணியருங்க விருந்தாளிய காக்கறத உசுரவிடப் பெரிசா நெனைக்கறவங்க, நமக்கும் அது புரியும், ஆனா வீட்டுல தங்கினவன் ராத்திரி போயி அடுத்த தெருவுல கொலை பண்ணிட்டு வந்து படுத்துக்கறான்னு தெரிஞ்சும் சோறு போட்டா அதுக்குப் பேரு விருந்தோம்பல் இல்ல.

இன்னொண்ணயும் சொல்லிடறேன், திட்டறவங்க திட்டுங்க. 1980கள்ல இலங்கைப் போராளி இயக்கங்களுக்கு நம்ம தமிழ்நாட்டுலயே பயிற்சி முகாம் நடந்துச்சு, டெல்லிக்குத் தெரிஞ்சேதான். கொழும்பு கண்ணுல எடம் குடுத்த அரசாங்கம் நாமதான். அதனால இந்த வாதத்த எடுக்கறப்ப நம்ம முதுகயும் ஒருதரம் தடவிப் பாத்துக்கணும்.

கேள்வி (ராயவரம் வாசகி): ஆச்சி, கட்டபொம்மன காட்டிக் குடுத்த சீமைன்னு எங்க புதுக்கோட்டைக்காரங்கள இன்னும் கிண்டல் பண்றாங்களே?

பதில்: 1799ல புதுக்கோட்டை ராஜா தொண்டைமான் பிடிச்சுக் குடுத்தாரு, கயத்தாறுல தூக்கு, அத மாத்த முடியாது. நம்ம செட்டிநாட்டுல சில ஊரு புதுக்கோட்டைப் பக்கம், மிச்சம் சிவகங்கைப் பக்கம், அதாவது குடுத்த சீமையும் குடுக்காத சீமையும் நம்மகிட்டயேதான் இருக்கு, நமக்குள்ள கொண்டு குடுத்து சம்பந்தமும் பண்ணிக்கிட்டிருக்கோம். குடுத்த சமஸ்தானம் 1948 வரைக்கும் இருந்துச்சு, குடுக்காத மருதுங்க 1801லயே போனாங்க. கிண்டல் பண்றவங்ககிட்ட, உங்க வாசல்ல பீரங்கி நின்னா என்ன பண்ணுவீங்கன்னு மட்டும் கேளுங்க.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): 1999ல நம்ம விமானத்த காந்தகாருக்கு கடத்துனப்பவே இந்தியா ஏன் தாலிபான அடிக்கல?

பதில்: எப்படி அடிக்கறது, நடுவுல பாகிஸ்தான் இருக்கே, ப்ளேனுக்குள்ள நம்ம ஜனங்க இருந்தாங்களே! டிசம்பர் 31ந் தேதி ஜெயில்ல இருந்த மசூத் அசார் உள்பட மூணு தீவிரவாதிங்கள விட்டோம், அந்த ஆளு அடுத்த வருஷமே பாகிஸ்தான்ல ஜெய்ஷ்-இ-முகமதுங்கற தீவிரவாத இயக்கத்த ஆரம்பிச்சான். 2001 டிசம்பர் 13 நம்ம நாடாளுமன்றத்துல தாக்குதல் நடந்தப்புறம் பாகிஸ்தான் எல்லையில பத்து மாசம் படைய நிறுத்துனோம், போரே நடக்காம கண்ணிவெடியிலயும் விபத்துலயும் நூத்துக்கணக்குல சிப்பாய்ங்க போனாங்க. அதுக்கப்புறம் 2016, 2019 பாலகோட், 2025 மேன்னு ஒவ்வொரு தடவயும் எல்லைக்கு அந்தப் பக்கம் நாம குடுக்கற அடி கொஞ்சம் உள்ள தள்ளி விழுது. ரெண்டு பக்கமும் அணுகுண்டு இருக்கறப்ப இந்த ஏணி எங்க போயி முடியும்ங்கறதுதான் என் கவல.

கேள்வி (காரைக்குடி கல்லூரி மாணவி): வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் அடிச்சு நொறுக்குன்னே போடறாங்க, வேணாம்னு சொன்னா தேசத்துரோகிங்கறாங்க.

பதில்: அவங்கள்ல யாரு வீட்டுலயாவது பர்மா தேக்கு தூண் இருக்கான்னு கேளும்மா. கீழ் பர்மாவுல கால்வாசி நெல்லு நெலம் செட்டியார் கைக்கு வந்திருந்துச்சு. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் ரங்கூன் மேல குண்டு போட்டான், எல்லாம் போச்சு. எங்க ஆயா வீட்டுல மூணு பேர் நடந்தே கிளம்பி ரெண்டு பேர்தான் வந்து சேந்தாங்க. ஜப்பான அடிச்சது தப்புன்னு ஆயா ஒருநாளும் சொன்னதில்ல, ஆனா ரேடியோவுல சண்டைன்னு நியூஸ் வந்தா எந்திரிச்சு உள்ள போயிடுவாக.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகரே மறுபடியும், போஸ்ட்கார்டுல): நீங்க ராணியா இருந்தா ஊமைத்துரைய குடுத்திருப்பீங்களா?

பதில்: மாட்டேன். பின்லேடன 1998லயே, நைரோபி சேதி வந்த அன்னைக்கே, ஒரு நடுநாட்டு கோர்ட்டுக்கு ஏத்தி அனுப்பியிருப்பேன். உங்க மச்சினர் இதுக்கு என்ன சொல்றாருன்னு எழுதுங்க, அடுத்த இதழ்ல போடறேன்.