"படியில் விழுந்தேன்" என்று ஏ.ஆரில் எழுதியாகிவிட்டது. இனி வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 34. குலசேகரம் பக்கம் வீடு. அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கிறேன். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர், குடித்தால் அடிப்பார். இரண்டு மாதத்துக்கு முன் கட்டையால் அடித்ததில் இடது கை முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு மாமியார் கூட வந்ததால், படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டேன். ஏ.ஆர். புத்தகத்திலும் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) அப்படியே எழுதிவிட்டார்கள். போன வாரம் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார், காயம் ஒன்றும் இல்லை. அவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை, அடி நின்றால் போதும். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. 12,000 ரூபாய் கொடுத்தால் பழைய ரெக்கார்டை 'அடிபட்டது' என்று மாற்றித் தருவதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் கழுத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

"கழுத்தைப் பிடித்துத் தள்ளினார், காயம் ஒன்றும் இல்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை படித்தது அந்த வரியைத்தான். அரசு மருத்துவமனை காஷுவாலிட்டியில் 22 ஆண்டுகள் இருந்தவள் நான். நம் பெண்கள் 'நெரித்தார்' என்று சொல்லவே மாட்டார்கள். 'பிடிச்சாரு', 'தொண்டையில கை வச்சாரு' என்பார்கள். கேட்கிற டாக்டரும் அதை ஏதோ தள்ளுமுள்ளு என்று எடுத்துக்கொண்டு கையைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த நேரத்தில் மூச்சு முட்டியதா? கண் இருண்டதா? அதன் பிறகு குரல் கரகரத்ததா, எச்சில் விழுங்கும்போது வலித்ததா, கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் வந்தனவா? இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு வாரம் கழிந்துவிட்டதே என்று நினைக்காதீர்கள். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இருக்கின்றன. அழுத்தியதில் அதன் உட்சுவர் கிழிந்திருந்தால், நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம். வெளியே ஒரு கீறலும் இருக்காது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட 300 வழக்குகளை எடுத்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்குக் கழுத்தில் கண்ணுக்குத் தெரிகிற அடையாளமே இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு முறை கழுத்தை நெரித்தவன் கையாலேயே அந்தப் பெண் பிற்பாடு கொலையாகும் அபாயம் 7 மடங்குக்கு மேல் என்று 2008-இல் வந்த ஆய்வு காட்டியது. கை முறிந்ததைவிட எனக்கு அதிகப் பயம் தருவது இதுதான்.

சரி, ஏ.ஆர். விஷயத்துக்கு வருவோம்.

அந்தப் புத்தகத்தில் இரண்டு விஷயம் எழுதப்படுகிறது. ஒன்று, நீங்கள் சொன்னது. இன்னொன்று, டாக்டர் கண்டது. 'படியில் விழுந்ததாகச் சொல்கிறார்' என்பது உங்கள் வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான். அது டாக்டரின் தீர்ப்பு இல்லை. கீழே காயத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது நீங்கள் சொன்ன கதைக்குக் கட்டுப்பட்டதும் இல்லை. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எக்ஸ்ரேயையும் எடுத்து, எந்த எலும்பு முறிந்தது என்று பாருங்கள். வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார். பெரும்பாலும் மணிக்கட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பக்கத்து எலும்பு முறியும். அடி வருகிறது என்று முகத்துக்குக் குறுக்கே கையைத் தூக்குகிறவருக்கோ, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் முறியும். உங்கள் கையைத் தூக்கிப் பாருங்கள், கட்டை எங்கே படும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் எக்ஸ்ரேயில் அப்படி இருந்தால், நீங்கள் வாய் திறக்காத அன்றைக்கே உங்கள் எலும்பு உண்மையைச் சொல்லிவிட்டது. இது ஒன்றே நிரூபணம் ஆகிவிடாது. ஆனால், மாமியார் பக்கத்தில் நின்றதால் பொய் சொன்னேன் என்று நீங்கள் கோர்ட்டில் சொல்லும்போது அதற்குப் பலமாக நிற்கும்.

இப்போது அந்த 12,000 ரூபாய்க்காரர். ஆஸ்பத்திரி வாசல், ஸ்டேஷன் வாசல், கோர்ட் வாசல் மூன்றிலும் இவர்கள் இருக்கிறார்கள். 'காயச் சான்றிதழை ஸ்ட்ராங்கா வாங்கித் தர்றேன்' என்பார்கள், 'டாக்டர் நம்ம ஆளு' என்பார்கள். ஏ.ஆர். புத்தகம் வரிசை எண் போட்டது. அதில் ஒரு வார்த்தையை அடித்து எழுதினால் மை காட்டிக்கொடுக்கும், அடுத்த எண் காட்டிக்கொடுக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் அதை ஒரே நிமிடத்தில் பிடித்துவிடுவார். அதன் பிறகு உங்கள் உண்மையான முறிவையும் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையாகவே அடிபட்ட ஒரு பெண்ணின் வழக்கு, இப்படிக் காசு கொடுத்துத் திருத்திய ஒரே காகிதத்தால் உடைந்துபோனதை நான் சாட்சிக் கூண்டில் நின்றபடியே பார்த்திருக்கிறேன். இன்னும் மோசமான ஒரு கூட்டமும் உண்டு. உங்களிடம் வாங்குவார்கள், பிறகு உங்கள் கணவரிடம் போய் 'இப்படி ஒரு கேஸ் வருது, நிறுத்தித் தரவா' என்று அவரிடமும் வாங்குவார்கள். நீங்கள் புகார் கொடுக்கப்போவது அன்று இரவே வீட்டுக்குத் தெரிந்துவிடும். இந்த ஆளிடம் இனி எதையும் சொல்லாதீர்கள். கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாள் ஏதாவது அவரிடம் இருந்தால் அதை வக்கீலிடம் முதலில் சொல்லுங்கள்.

பழைய பதிவைத் தொட வேண்டாம். புதிய பதிவு போடுங்கள். அரசு மருத்துவமனைக்குத் தனியாகவோ, நம்பிக்கையான ஒருவருடனோ போங்கள். இப்படிச் சொல்லுங்கள்: "போன வாரம் இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, வீட்டில் வைத்து என் கணவர் இரண்டு கையாலும் கழுத்தை நெரித்தார். இரண்டு மாதத்துக்கு முன் கட்டையால் அடித்ததில் கை முறிந்தது. அன்று மாமியார் கூட இருந்ததால் விழுந்ததாகச் சொன்னேன்." ஒரு கையால்தான் என்றால் ஒரு கை என்றே சொல்லுங்கள். எத்தனை பேர், எதனால், எங்கே என்பதைத்தான் ஏ.ஆரில் எழுதுவார்கள். கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள். ஏ.ஆர். எண்ணையும் தேதியையும் அங்கேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அண்டி ஆபீஸ் வேலை என்பதால் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கலாம். இருந்தால், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டிய சீட்டுகளும் ஆதாரம்தான்.

அந்த ஆள் 12,000 ரூபாய்க்கு விற்கிறாரே, அதைச் சட்டம் உங்களுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 7-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு நீங்களே ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுக்கலாம். முதலில் புகார் கொடுத்துவிட்டு வா என்று சிகிச்சையை மறுக்கக் கூடாது. பாதுகாப்பு அலுவலருக்கு (இந்தச் சட்டத்தின்படி அரசு நியமித்த அதிகாரி) போக வேண்டிய நிகழ்வு அறிக்கை இன்னும் எழுதப்படவில்லை என்றால், மருத்துவமனையே அதற்கான படிவம் 1-ஐ நிரப்பி அவருக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகலை உங்களுக்குக் காசு வாங்காமல் தர வேண்டும். எல்லாம் அந்தச் சட்டத்தின் 17-ஆவது விதியில் இருக்கிறது. என் 22 ஆண்டில் அந்தப் படிவத்தை நிரப்பிய டாக்டர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். படிவமே காஷுவாலிட்டியில் இருக்காது. எங்களுக்குப் பாடத்தில் எலும்பு சொல்லிக்கொடுத்தார்கள், தூக்கு சொல்லிக்கொடுத்தார்கள், விஷம் சொல்லிக்கொடுத்தார்கள். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு 'யாரும்மா அடிச்சது' என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்கள் நூறு பேரில் ஏறக்குறைய 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். இத்தனை பேர் எங்கள் மேசைக்கு வந்து 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். நாங்களும் எழுதிக்கொண்டோம். உங்களுக்கு அன்று நடந்ததில் உங்கள் தவறைவிட எங்கள் தவறுதான் பெரியது.

புதிய பதிவு போட்டால் மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். பயப்படாதீர்கள், தகவல் போனாலே எஃப்.ஐ.ஆர். ஆகிவிடாது. கேட்க வந்தால் உண்மையைச் சொல்லுங்கள். 'குடும்பப் பிரச்சினைதானே, பேசி முடிச்சுக்கிடுங்க' என்று ஒரு சி.எஸ்.ஆர். ரசீதை (புகார் வந்ததற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு) கையில் கொடுத்து அனுப்பினாலும் அதைக் கிழித்துப்போடாதீர்கள், அதிலும் தேதி இருக்கிறது. கழுத்தை நெரித்தது சாதாரணக் குற்றம் இல்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். மறுபடி கை வைத்தால் யோசிக்காமல் 112-ஐக் கூப்பிடுங்கள்.

அவர் ஜெயிலுக்குப் போக வேண்டாம், அடி நின்றால் போதும் என்கிறீர்கள். அதற்குப் பொருத்தமானது 2005-ஆம் ஆண்டுச் சட்டம்தான். 12-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டால், அடிக்கக் கூடாது, வேலை செய்கிற இடத்துக்கு வரக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். அந்த உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். இரண்டு மாதம் கழிந்ததால் மனு போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த மனுவுக்கு ஓராண்டுக் கெடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல், தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் வழக்கிலேயே சொல்லிவிட்டது. பத்மநாபபுரம் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. பயந்து தோவாளையிலோ அகஸ்தீஸ்வரத்திலோ அம்மா வீட்டுக்குப் போயிருந்தால், அந்த எல்லைக்குள் இருக்கிற மாஜிஸ்திரேட்டிடமே போடலாம். மூன்று நாளில் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வரும். சம்மன் போய்ச் சேரவே 60 நாள் ஆகிறது. அதனால் 23-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள். வக்கீலே மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

வீடு மாமியார் பெயரில் இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் தவறாகச் சொல்லும் இடம் இது. 'பத்திரம் என் பேர்ல, இறங்குடி வெளியே' என்று மாமியார் சொல்ல முடியாது. நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு, யார் பெயரில் இருந்தாலும், உங்களுக்கும் வசிக்கும் உரிமை உள்ள வீடு. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வசிக்கும் உரிமைதான், சொத்துரிமை இல்லை, பங்கு கேட்க முடியாது. இனி, அந்த வீட்டை விட்டு உங்கள் கணவரை வெளியேறச் சொல்லி 19-ஆவது பிரிவில் உத்தரவு கேட்கலாம். ஆனால் மாமியாரை வெளியேற்றக் கேட்க முடியாது. எந்தப் பெண்ணையும் வெளியேற்ற அந்தப் பிரிவில் உத்தரவு போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நடைமுறையில் இதன் அர்த்தம் என்ன? கணவர் வெளியே போனாலும் நீங்கள் மாமியாரோடு ஒரே அடுக்களையில் இருக்க வேண்டும். சாவி அவர் கையில், கதவைத் திறந்துவிடுவதும் அவர் கையில். அது முடியுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். முடியாது என்று தோன்றினால், வாடகைக்கு வேறு வீடு பார்த்துக் கொடுக்கச் சொல்லியும், வாடகையைக் கணவர் கட்டச் சொல்லியும் அதே பிரிவில் கேட்கலாம். உங்கள் நிலையில் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்.

வக்கீலுக்குக் காசு வேண்டாம். பெண் என்றாலே, சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். எண் 15100. பாதுகாப்பு அலுவலரை நாகர்கோவிலில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். அவர் தலையில் பத்து வேலையைக் கட்டியிருப்பார்கள், ஒரு நாளில் ஆளைப் பிடிப்பது கஷ்டம். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்து கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் குறையும்.

ஊர்க் கமிட்டியிலோ சபையிலோ உட்காரவைத்து 'இனி அடிக்க மாட்டேன்' என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்குவது நம் பக்கத்து வழக்கம். அந்தத் தாள் அடியை நிறுத்தாது. ஆனால் 'இனி' அடிக்க மாட்டேன் என்றால் இதுவரை அடித்தேன் என்றுதானே பொருள்? அவர் கையெழுத்தோடு அப்படி ஒன்று இருந்தால் அதன் நகலை வாங்கிவிடுங்கள். எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், ரேஷன் அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை, பிள்ளைகள் இருந்தால் அவர்களின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைக்காமல், உங்களோடு வேலை பார்க்கும் நம்பிக்கையான ஒருத்தி வீட்டில் கொடுத்துவையுங்கள். எக்ஸ்ரே பிலிமை மடிக்காதீர்கள். கொடுத்துவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கழுத்தைக் காட்டுங்கள்.