கல்யாண மண்டபத்தில் மிஞ்சும் சாப்பாட்டை இல்லங்களுக்குக் கொடுத்தால் பின்னால் தொல்லை வருமா?

கேட்டரிங் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன். யாரிடம் கொடுப்பது, வழக்கு வருமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு எடுத்து வைப்பது என்று மட்டும் கேட்கவில்லை. கோவையில் 18 ஆண்டுகளாகச் சமையல் ஒப்பந்தம் எடுத்து வரும் நானும் ஒரு காலத்தில் அதைக் கேட்காதவன்தான்.

ஓர் ஆவணி முகூர்த்தத்துக்கு 700 இலை சொல்லியிருந்தார்கள்; விழுந்தது 500 சொச்சம். பந்தி முடிந்து, பாத்திரங்களை எண்ணி, பெண் வீட்டாரிடம் பாக்கி வாங்கிக்கொண்டு, மூன்றரை மணிக்கு மேல் இரண்டு அண்டா சோற்றையும் ஓர் அண்டா சாம்பாரையும் வண்டியில் ஏற்றி ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். பெரிய புண்ணியவான் என்ற நினைப்பு வேறு. அங்கே சமையலறையைக் கவனிக்கும் அம்மா மூடியைத் திறந்து, கரண்டியை அடிவரை விட்டுப் புரட்டி, நாலு பருக்கையை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினார். விரலைப் பிரித்தபோது நூல் விட்டது. “இது எத்தனை மணிக்கு வடிச்சதுங்க?” என்றார். எனக்குத் தெரியவில்லை. “இங்க இருக்கறவங்களுக்கெல்லாம் எழுபது, எண்பது வயசுங்க” என்று மட்டும் சொல்லி மூடியைத் திரும்பப் போட்டுவிட்டார்.

அதன் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சோற்றில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் போகாத நச்சை உண்டாக்கிவிடும். அதனால்தான் சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறார்கள்.

இப்போது, கடைசிப் பந்திக்கு முந்தைய பந்தி உட்காரும்போதே வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, இன்னும் எத்தனை பேர் சாப்பிட வேண்டும் என்று கணக்கெடுத்து, கரண்டி படாத அண்டாவை ஒதுக்கி, உடனே ஹாட் பாக்ஸுக்கு மாற்றிவிட்டு, எடுத்துச் செல்வோருக்கு அப்போதே போன் செய்கிறோம். பரிமாறும் வாளிக்குள் போன எதையும் திரும்பச் சேர்ப்பதில்லை. தேங்காய்ச் சட்னியும் தயிர்சாதமும் கொடுப்பதே இல்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை, உபரி உணவை மீட்டு வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019 இல் விதிமுறை வகுத்தது. அது 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உபரியைத் தனியே பிரித்து வைத்து, உணவின் பெயர், தருபவர் விவரம், சமைத்த நாள், சைவமா அசைவமா என்பன கொண்ட சீட்டை ஒட்டித் தர வேண்டும். நல்லெண்ணத்தோடு கொடுப்பவருக்கு அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பை நம் ஊருக்கும் பொருத்திப் பேசுவோர் உண்டு. அந்த நம்பிக்கையில் நீங்கள் இறங்க வேண்டாம். பதிவு பெற்ற அமைப்பின் வழியாகக் கொடுத்து, நேரத்தைக் குறித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கோவையிலேயே 2014 இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள் இருக்கின்றன.

அளவாகச் சமைத்தால் மிஞ்சவே மிஞ்சாதே என்று இதற்குக் கீழே எழுதப் போகிறவர்கள், ஒரே ஒரு முறை இலை போட்ட பிறகு சாம்பார் தீர்ந்துபோன பந்தியில் நின்று பார்க்கட்டும். எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்பவர் மாமனார். பற்றாமல் போனால் பேச்சு வாங்குவது நாங்கள். மிஞ்சியதைக் கொடுக்கும்போது கூடவே வந்து, சாப்பிடுகிறவர்களின் முகத்துக்கு நேரே செல்பி எடுக்கும் மாப்பிள்ளையின் நண்பர்களையும் நாங்கள்தான் தடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த இல்லத்துக்கு மறுபடி கொண்டுபோக எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அண்டாவில் வடித்த நேரத்தை எழுதியே ஒட்டுகிறேன். ஆனாலும் அந்த அம்மா சீட்டைப் படித்துவிட்டு, நாலு பருக்கையை நசுக்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறார்.