ஒன்பதைப் பத்தாக்க மறுபடி அனுப்பலாமா? விளையாட்டு அட்டை கேள்வி பதில்

விளையாட்டு வீரர்களின் அட்டைகளைப் பார்த்து 1 முதல் 10 வரை கிரேடு கொடுத்து, ஸ்லாப் எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் அமெரிக்க நிறுவனங்களுக்குத் தங்கள் அட்டைகளை அனுப்பிப் பெற்ற செட்டிநாட்டு நண்பர்கள் சிலர், வந்த கிரேடு போதவில்லை என்று மறுபடி அனுப்பலாமா எனக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை பிஎஸ்ஏ ஸ்லாப்புகளைப் பற்றிய கேள்விகள் என்பதால், வேறு பெயர் சொல்லாத இடங்களில் அந்த நிறுவனத்தையே குறிப்பதாகக் கொள்ளவும்.

தேவகோட்டை அன்பர்: ஐயா, என்னிடமுள்ள சச்சின் அட்டைக்கு 9 வந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒரு குறையும் தெரியவில்லை. ஸ்லாப்பை உடைத்து மறுபடி அனுப்பினால் 10 வருமா?

குறை தெரியவில்லை என்பது மறுபடி அனுப்புவதற்கான காரணம் ஆகாது. சொல்லப்போனால், அனுப்பாமல் இருப்பதற்கு அதுவே முதல் காரணம். கிரேடர் எதற்காக ஒரு படி குறைத்தார் என்பதை நீங்கள் விரல் வைத்துக் காட்ட முடிந்தால்தான், அந்தக் காரணம் இரண்டாவது முறையும் நிற்குமா நிற்காதா என்று யோசிக்கவே முடியும்.

முதலில் ஓரங்களை அளந்து பாருங்கள். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரம் இடப்பக்கம் 2.3 மில்லிமீட்டர், வலப்பக்கம் 1.7 மில்லிமீட்டர் என்று இருந்தால், மொத்தம் 4 மில்லிமீட்டரில் அது சதவீதக் கணக்கில் 57.5-க்கு 42.5 என்று ஆகிறது. 10 கிடைக்க முன்பக்கம் ஏறத்தாழ 55-க்கு 45 என்ற அளவைத் தாண்டக் கூடாது. பின்பக்கம் 75-க்கு 25 வரை விட்டுக்கொடுப்பார்கள். முன்பு முன்பக்கத்துக்கு 60-க்கு 40 வரை ஒத்துக்கொண்டிருந்தார்கள், 2025-இல்தான் இறுக்கினார்கள். ஆகவே பழைய விதியில் ஏமாற்றமாகத் தோன்றிய பல ஒன்பதுகள் இன்றைய விதியில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்பதுகள். அளவுகோல் இப்படிச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. அச்சில் விலகிய ஓரம் எத்தனை முறை அனுப்பினாலும் நடுவுக்கு வராது.

ஓரங்கள் சரியாக இருந்தால், அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கை வைத்து, ஸ்லாப்பை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நேர்வெளிச்சத்தில் மறைந்திருக்கும் அச்சுக் கோடும் பளபளப்பில் விழுந்த மெல்லிய கீறலும் சாய்ந்த ஒளியில்தான் வெளிப்படும். கண்ணில் படும் கீறல் பிளாஸ்டிக்கில் இருக்கிறதா அட்டையில் இருக்கிறதா என்பதையும் அதே சமயத்தில் தெரிந்துகொள்ளலாம்: சாய்க்கும்போது படத்தின் மேல் இடம் மாறிக்கொண்டே போனால் அது ஸ்லாப்பின் கீறல், படத்தோடு ஒட்டி நின்றால் அட்டையின் கீறல். ஸ்லாப்பின் கீறலுக்காக யாரும் கிரேடைக் குறைத்திருக்க மாட்டார்கள்.

பள்ளத்தூர் அன்பர்: உடைக்காமலேயே மறுமதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்களே?

அனுப்பலாம், முதல் முயற்சியாக நான் சொல்வதும் அதைத்தான். ரிவியூ என்ற முறையில் அட்டையை ஸ்லாப்போடு அனுப்பினால், கிரேடு உயரத் தகுதி உண்டென்று கருதினால் மட்டுமே உறையைப் பிரித்து மாற்றித் தருவார்கள். இல்லையென்றால் போனபடியே திரும்பி வரும். இதில் நட்டம் கட்டணமும் தபால் செலவும்தான். பிளாஸ்டிக் வழியாகப் பார்ப்பதால் ஐயம் வந்தால் உயர்த்தத் தயங்குவார்கள் என்றொரு குறை சொல்லப்படுகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் உடைத்து அனுப்பும்போது பழைய கிரேடு என்ற பாதுகாப்பே போய்விடுகிறது. 9 ஆக இருந்தது 8 ஆகலாம்; அதைவிட மோசமாக, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது என்றோ அளவு குறைவு என்றோ கிரேடே இல்லாமல் திரும்பலாம். ரீஹோல்டர் என்பது வேறு. அங்கே பழைய கிரேடை அப்படியே வைத்துக்கொண்டு கீறல் விழுந்த உறையை மட்டும் மாற்றித் தருவார்கள். உங்களுக்கு உறுத்துவது உறை மட்டும் என்றால் அதுவே போதும்.

காரைக்குடி அன்பர்: லாபமா நட்டமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

நம் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். கணக்கு புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். 8-க்கு 12,000 ரூபாய், 9-க்கு 20,000, 10-க்கு 60,000 என்று விலை போகும் அட்டை ஒன்று உங்களிடம் 9-இல் இருக்கிறது. கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்துச் செலவு 6,000. உடைத்து அனுப்பினால் ஐந்தில் ஒரு பங்கு 10, ஐந்தில் மூன்று பங்கு மறுபடியும் 9, ஐந்தில் ஒரு பங்கு 8 வரும் என்று வையுங்கள். 12,000, 12,000, 2,400 ஆகிய மூன்றையும் கூட்டினால் 26,400. செலவைக் கழித்தால் 20,400. கையிலிருப்பதோ 20,000. நானூறு ரூபாய்க்காக மாதக்கணக்கில் அட்டையைக் கடல் தாண்டி அனுப்பிக் காத்திருப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

இதில் 10-இன் விலை 9-ஐப் போல் மூன்று மடங்கு என்று வைத்தும் இந்த நிலைதான். ஒன்றரை மடங்கு மட்டுமே இருந்தால் 20,400 என்ற இடத்தில் 14,400 வந்து நிற்கும். மேலும், ஐந்தில் ஒன்று என்ற எண்ணை வைப்பது அட்டையின் சொந்தக்காரர். அவர் எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே வைப்பார். விற்கும் எண்ணமே இல்லாமல், தொகுப்பில் 10 என்ற எண் இருக்க வேண்டும் என்ற ஆசைக்காகச் செலவு செய்வது தனி விஷயம். அதை முதலீடு என்று வீட்டில் சொல்லாமல் இருந்தால் சரி.

கோட்டையூர் அன்பர்: அமெரிக்காவிலிருக்கும் அண்ணன் தந்த 1986 ஃப்ளீர் மைக்கேல் ஜோர்டன் அட்டை, 2005-இல் 8 வாங்கியது. பார்ப்பவர்கள் எல்லாம் 8-க்கு மேல் என்கிறார்கள்.

இங்கே கேட்கப்பட்டவற்றில் மறுபடி அனுப்ப உண்மையான முகாந்திரம் உள்ள அட்டை இதுவாக இருக்கலாம். பிஎஸ்ஏ அரைக் கிரேடுகளை 2008-இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முன்பு வலுவான எட்டுக்கும் தட்டுத்தடுமாறி வந்த எட்டுக்கும் ஒரே எண்தான், 8.5 என்று கொடுக்க வழியே இல்லை. ஆகவே அன்றைய கிரேடரின் கண்ணைக் குறை சொல்லாமலேயே, அன்று இல்லாத ஒரு படியை இன்று கேட்கிறீர்கள். முனைகள் நான்கும் கூர்மையாக இருந்து, ஓரங்கள் 9-க்குரிய 60-க்கு 40 என்ற அளவுக்குள் அடங்கினால், ஸ்லாப்போடு ரிவியூவுக்கு அனுப்புங்கள். இந்த அட்டைக்கு ஓர விலகல் ஒரு பிறவிக்குறை என்பதால் அளவுகோலை முதலில் எடுங்கள். போலிகள் மலிந்த அட்டையும் இதுதான். ஆகவே ஸ்லாப்பை எக்காரணம் கொண்டும் நீங்களாக உடைக்க வேண்டாம்.

9-க்கு மேல் அரைக் கிரேடு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்; 9.5 என்பது பெக்கெட் போன்ற பிற நிறுவனங்களில்தான் உண்டு.

இன்னொரு காரைக்குடி அன்பர்: பெக்கெட் 9.5 அட்டையை பிஎஸ்ஏ 10 ஆக மாற்ற முடியுமா?

பெக்கெட் ஸ்லாப்பில் மையம் (படம் நடுவில் அமைந்திருப்பது), முனை, விளிம்பு, மேற்பரப்பு ஆகிய நான்குக்கும் தனித்தனி எண் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. நான்கில் தாழ்ந்தது எதுவென்று பாருங்கள். அது 9 என்றால் நம்பிக்கை வைக்க வேண்டாம். வேறு நிறுவனத்தின் ஸ்லாப்பிலிருந்து பிஎஸ்ஏ ஸ்லாப்புக்கு மாற்றும் கிராஸ்ஓவர் முறையில், குறைந்தது 10 வந்தால் மட்டும் மாற்றவும் என்று எழுதி அனுப்பலாம். வராவிட்டால் பழைய ஸ்லாப்பிலேயே திரும்பும்.

கானாடுகாத்தான் அன்பர்: எங்கள் ஐயா மலேயாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் 1938-ஆம் ஆண்டு ஜான் பிளேயர் சிகரெட் அட்டைகள் இருந்தன. அவற்றில் பிராட்மன் அட்டைக்கு 4 வந்தது. கறையை நீக்கி அனுப்பினால் உயருமா?

அந்தத் தொகுப்பின் அட்டைகள் ஆல்பத்தில் ஒட்டுவதற்கென்று பின்பக்கம் பசை பூசி வந்தவை. நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்தப் பசை இளகிப் பக்கத்து அட்டையைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிரிக்கும்போது காகிதம் உரியும். பழுப்புப் புள்ளிகளும் அதே ஈரத்தின் வேலை. கிரேடர் எண்ணைக் குறைத்தது இவற்றுக்காகத்தான் என்றால், அவை அட்டையின் வயதோடு சேர்ந்தவை; நீக்க முயல வேண்டாம். பளபளப்பான புது அட்டையில் கைரேகையை மெல்லிய துணியால் ஒற்றி எடுப்பதை யாரும் குற்றம் சொல்வதில்லை. சிகரெட் அட்டையில் தண்ணீரோ ரசாயனமோ பட்டால் அது மாற்றப்பட்ட அட்டை, எண்ணே கிடைக்காமல் போகும். நாலை நாலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பெட்டி பொது வீட்டிலிருந்து வந்ததென்றால், எல்லாப் புள்ளிகளுக்கும், அதாவது அந்த வீட்டில் உரிமையுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும், அதில் பங்கு உண்டா என்பதைப் பெரியவர்களிடம் பேசித் தீர்த்துக்கொண்ட பிறகே மேற்கொண்டு எங்கும் அனுப்புங்கள். கிரேடு இறங்கி வந்தால் பங்காளிகளுக்கு விளக்கம் சொல்வது எளிதல்ல.

அரியக்குடி அன்பர்: 1896 வில்ஸ் கிரிக்கெட் அட்டை ஒன்று ஸ்லாப்பில் வாங்கி வைத்திருக்கிறேன். அதை மறுபடி அனுப்பலாமா?

கிரேடைப் பற்றி யோசிப்பதற்கு முன் சட்டத்தைப் பற்றி யோசியுங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருள்களையும் வரலாற்று மதிப்புள்ள பொருள்களையும் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. உங்கள் அட்டை அந்த வரையறைக்குள் வருமா என்பதை இந்தியத் தொல்லியல் துறையிடம் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கூரியரில் போடாதீர்கள். வயது குறைந்த அட்டைகளை அனுப்புகிறவர்களும் ஸ்லாப் எண் தெரியும் புகைப்படத்தையும் அனுப்பிய ஆவணங்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது புதிதாக வாங்கிய பொருளாகக் கருதிச் சுங்க வரி விதிக்க வாய்ப்புண்டு.

புதுவயல் அன்பர்: கட்டணத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்து எழுதலாமா?

வேண்டாம். கிரேடு உயர்ந்து அட்டையின் மதிப்பு அந்தக் கட்டணப் பிரிவின் வரம்பைத் தாண்டினால் மீதியை உங்களிடமே வசூலிப்பார்கள். வழியில் தொலைந்தால் காப்பீடு நீங்கள் எழுதிய தொகைக்குத்தான்.

தேவகோட்டை அன்பர் மறுபடியும்: உடைத்துவிட்ட ஸ்லாப்பின் பழைய லேபிளை என்ன செய்வது?

நிறுவனத்துக்கே திருப்பி அனுப்புங்கள். எந்த அட்டை எந்தக் கிரேடில் எத்தனை இருக்கிறது என்று அவர்கள் வெளியிடும் பாப்புலேஷன் கணக்கில், லேபிள் திரும்பாத வரை உங்கள் ஒரே அட்டை இரண்டாகவே நிற்கும். ஒரே அட்டையை நாலைந்து முறை உடைத்து அனுப்புகிறவர்களால் சில அட்டைகளின் ஒன்பதுகள் இருப்பதைவிட அதிகமாகத் தெரிகின்றன. வாங்கும்போது அந்தக் கணக்கை மட்டும் பார்த்து, இது எங்கும் கிடைக்கும் என்று முடிவு கட்ட வேண்டாம்.