குரோம் பம்பரில் செம்புள்ளிகள்

கேள்வி: அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி காரைக் குன்னூரில் திறந்த கொட்டகையில் நிறுத்தியிருக்கிறோம். பம்பரின் குரோம் பூச்சில் துருப்புள்ளிகள் தோன்றியுள்ளன. உப்புத்தாளால் தேய்க்கலாமா?

பதில்: உப்புத்தாளைத் தொடவே வேண்டாம், ஒருமுறை விழுந்த கீறல் போகாது. குரோமியம் துருப்பிடிப்பதில்லை. ஆனால் அந்தப் பூச்சு மிக மெல்லியது என்பதால், அதிலும் அதனடியிலுள்ள நிக்கல் அடுக்கிலும் இருக்கும் நுண்துளைகள் வழியே மூடுபனியின் ஈரம் இறங்கி, உள்ளிருக்கும் இரும்பை அரித்துத் துருவை மேலே தள்ளுகிறது.

முதலில் கார் ஷாம்பு கலந்த தண்ணீரால் மண்ணைக் கழுவிவிடுங்கள். பிறகு, சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால், துரு பழுப்புக் குழம்பாகக் கரைந்து வரும். அலுமினியம் குரோமியத்தைவிட மிக மென்மையானது ஆதலால் நல்ல பூச்சில் கீறல் விழாது. துடைத்தபின் விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கும் இடத்தில் குழி விழுந்துவிட்டது. அதைத் தேய்த்து மறைக்க முடியாது. பூச்சே உரிந்திருந்தால் மறுமுலாம்தான் வழி. கழிவறை கழுவும் அமிலத்தைப் பயன்படுத்தச் சொல்பவர்கள் உண்டு. அது குரோமையே கரைத்துவிடும்.

நன்றாக உலர்த்தியபின் கார் மெழுகு பூசுங்கள். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழை கனமாகப் பெய்யும் என்பதால், அக்டோபருக்கு முன் மறுபடியும் பூசுவது அவசியம். பலரும் கவனிக்காத பம்பரின் உட்புறத்தையும் சுரண்டி, துருத்தடுப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள்.