விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கும் என் தம்பிக்கு விளையாட்டுத் துணை எங்கே கிடைக்கும்?

அலுவலகங்களில் தொடங்காதீர்கள். தம்பிக்கு பிசியோதெரபி கொடுப்பவரிடம் தொடங்குங்கள். "உங்களிடம் வருகிறவர்களில் யாராவது விளையாடுகிறார்களா?" என்று கேட்டால் போதும்.

என் மகளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். அவளுக்கு ஏற்ற விளையாட்டைத் தேடி இரண்டு வருடம் விண்ணப்பமும் கையுமாக அலைந்தேன். கடைசியில் அவளுடைய பிசியோதெரபிஸ்ட் ஒரு பையனின் அம்மாவிடம் பேசச் சொன்னார். அன்று மாலையே ஒரு மணி நேரம் பேசினோம். விளையாட்டைப் பற்றிக் கால் மணி நேரம் இருக்கும். மீதி நேரமெல்லாம் நாற்காலியைக் காரில் ஏற்றுவது எப்படி, வெகுநேரம் உட்கார்ந்தால் புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான். எனக்கு அதுவரை இதையெல்லாம் கேட்க ஆளே இருந்ததில்லை.

இந்த விளையாட்டு உலகம் பிறந்ததே ஒரு மருத்துவமனையில்தான். 1948ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்காக டாக்டர் லுட்விக் குட்மன் ஒரு வில்வித்தைப் போட்டி நடத்தினார். கலந்துகொண்டவர்கள் 16 பேர். 1960ல் ரோமில் முதல் பாராலிம்பிக் நடந்தது.

அந்தப் பையன் ஆடிய போச்சியாவைத்தான் என் மகளும் பிடித்துக்கொண்டாள். வெள்ளைப் பந்து ஒன்று, சிவப்பு 6, நீலம் 6. யாருடைய பந்து வெள்ளைப் பந்தை நெருங்கி நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. எறிய முடியாதவர்கள் ஒரு சாய்தளத்தில் வைத்துப் பந்தை உருட்டிவிடலாம். அந்தச் சாய்தளத்தை நகர்த்த ஓர் உதவியாளர் உண்டு. அவர் களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. அவளுக்கு அந்த உதவியாளர் நான்தான். அதுவரை அவளுக்காக எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். அங்கே முடிவெல்லாம் அவளுடையது. இடது பக்கம் என்று கண்ணைக் காட்டுவாள், நகர்த்துவேன். பந்து எங்கே போய் நின்றது என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். நான் அவளை நேருக்கு நேர் அவ்வளவு நேரம் பார்த்தது அந்த ஆட்டங்களில்தான்.

சரி, உங்கள் தம்பிக்கு வருகிறேன். கைகள் நன்றாக இயங்குகின்றன, ஆனால் "நான் போனால் அவர்களுக்குத்தான் தொந்தரவு" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தைப் பற்றிச் சொல்லுங்கள். உடல் எந்த அளவு இயங்குகிறது என்பதை வைத்து ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி கொடுப்பார்கள். களத்தில் இருக்கும் 5 பேரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. உடல் குறைவாக இயங்கும், குறைந்த புள்ளிக்காரர்கள் இருந்தால்தான் 4.5 புள்ளிக்காரர்களையும் சேர்த்து இறக்க முடியும். அங்கே யாரும் யாருக்கும் தொந்தரவு இல்லை. போட்டி வேண்டாம், பழைய நண்பர்களோடு ஆடினால் போதும் என்றால் டென்னிஸ் நல்லது. அவர் பக்கம் பந்து இரண்டு முறை தரையில் பட்டு எழலாம் என்பதுதான் பெரிய வித்தியாசம்.

பிசியோதெரபிஸ்டுக்கு யாரையும் தெரியவில்லை என்றால் உங்கள் நாட்டுப் பாராலிம்பிக் குழுவைக் கேளுங்கள். விளையாட்டின் பெயரைச் சொல்லி, பயிற்சி எங்கே, எந்த நாளில் என்று குறிப்பாகக் கேளுங்கள். நாற்காலியோடு போகக்கூடிய கழிப்பறை அங்கே இருக்கிறதா என்றும் மறக்காமல் கேளுங்கள். எத்தனையோ பேர் அந்த ஒரு காரணத்துக்காகவே வராமல் நின்றுவிடுகிறார்கள். விளையாட்டு நாற்காலியை இப்போதே வாங்கிவிடாதீர்கள். விலை அதிகம், அவரவர் உடலுக்கு அளந்து செய்ய வேண்டியது. முதலில் அணியிடம் இரவல் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், முதல் நாளே தம்பியைக் களத்தில் இறங்கச் சொல்லாதீர்கள். ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். நீங்கள் பந்து பொறுக்கிப் போடுங்கள், அதற்கு எப்போதும் ஆள் பற்றாது.